மத்திமம் ஏறிப்போச்சு, பிள்ளை!

இண்டைக்குக் கொஞ்சம் புறுபுறுக்கப் போறன். பொறுத்துக்கொள்ளுங்கோ. பேந்து நல்ல கதையும் வரும்.

எங்கட ஆக்களின்ர "நட்சத்திர இரவு" ஒண்டுக்குப் போனனான். எந்த ஊர், ஆர் நடத்தினது எண்டு சொல்லமாட்டன் (வெள்ளிக்கிழமை கோயிலில எல்லாற்ற முகத்திலயும் முழிக்கவேணும்). நோட்டீசில அஞ்சு மணி. அஞ்சு மணிக்குப் போய் நிண்டால், மேடையில ஒரு தம்பி வயர் சுத்திக்கொண்டிருக்கிறார். ஏழரைக்கு மங்கள விளக்கு. பேந்து பேச்சு. பேந்து அனுசரணை தந்த ஆக்களுக்குப் பொன்னாடை. பேந்து, பொன்னாடை போட்டவருக்கு ஒரு பொன்னாடை.

அது பரவாயில்லை. கையில ஒரு ரோல்சும் பிளேன்ரீயும் இருந்தால் நாங்கள் விடியும் மட்டும் இருப்பம்.

கோவம் வந்தது பாட்டுத் தொடங்கினாப் பிறகுதான். சென்னையில இருந்து வந்த பாடகர். நல்ல குரல், குறை சொல்லேலாது. ஆனால் அவருக்குப் பின்னால ஒரு சீவனும் இல்லை. ஒரு மடிக்கணினி. முழுக்கக் கரோக்கி! இடையில வயலின் வரேக்க பாடகர் தண்ணி குடிக்கிறார், சனம் மடிக்கணினியைப் பாத்துக்கொண்டிருக்கு. கடைசியில அதுக்கும் சேர்த்துத்தான் கை தட்டினம்.

சுவிசில தவில் அடிக்கிற பெடியள் இல்லையோ? கீபோர்ட் வாசிக்கிற பிள்ளையள் இல்லையோ? ஊருக்கு ஊர் மிருதங்க வகுப்பு, வயலின் வகுப்பு. சனிக்கிழமை எண்டால் அம்மா அப்பாமார் பிள்ளையளைக் காரில ஏத்தி இறக்கிக்கொண்டு திரியினம். அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுத்து ஊரைக் கூட்டிச் சாப்பாடு குடுக்கிறம். சரி, அரங்கேறின பிள்ளை பேந்து எங்க வாசிக்கிறது? அடுத்த நாளே மிருதங்கம் அலுமாரிக்கு மேல ஏறிவிடும். எங்களிட்டப் பெரிய மேடை இருக்கு. சின்ன அறை இல்லை. ஐம்பது பேர் இருந்து கேக்கிற ஒரு அறை, பிழை விட்டாலும் பரவாயில்லை எண்டு வாசிக்கிற ஒரு அறை.

(சரி சரி. மூச்சு எடுக்கிறன்.)

சத்தத்தைப் பற்றியும் ஒண்டு சொல்லவேணும். இந்த நாட்டில கச்சேரிச் சத்தத்துக்கே சட்டம் இருக்கு, தெரியுமோ? மணித்தியாலச் சராசரி 93 டெசிபெலுக்கு மேல போகும் எண்டால் முன்னமே அறிவிக்கவேணும், வந்த ஆக்களுக்குக் காதடைப்பான் சும்மா குடுக்கவேணும். 100 டெசிபெலைத் தாண்டவே கூடாது. 96ஐத் தாண்டின சத்தம் 3 மணித்தியாலத்துக்கு மேல நீளும் எண்டால், காது ஆறுறதுக்கு ஒரு அமைதியான இடமும் ஒதுக்கவேணும்.

நான் முதன்முதல் அந்தச் சின்னப் பஞ்சைக் கையில வாங்கினது பேர்ண் ரைட்ஷூலேயில. ரெயில் நிலையத்துக்குப் பக்கத்தில இருக்கிற பழைய குதிரைப் பள்ளிக்கூடம். 1987ல இளம் ஆக்கள் பிடிச்சு வைச்சது, இண்டைக்கும் அவையின்ர கையிலதான். சுவரெல்லாம் எழுத்தும் படமும். அம்மா "அந்தப் பக்கம் போகாத பிள்ளை" எண்டு சொல்லுற இடம் (ஆகவே போனனான்). மேல்மாடியில டாக்ஷ்டொக் எண்டு ஒரு மண்டபம். பாட்டுக் கேக்க வந்த ஆளிட்டக் காதை அடை எண்டு பஞ்சைக் குடுக்கிறாங்களே எண்டு சிரிப்பு வந்தது. இப்ப அது இல்லாமல் நான் வெளிக்கிடுறதில்லை. கலியாண வீட்டு டீஜேக்கும் உதவும், சித்தப்பாவின்ர பேச்சுக்கும் உதவும்.

அதுக்குப் பிறகு எனக்கு ஒரு விசர் பிடிச்சிது. சின்ன இடமாத் தேடித் தேடிப் போறது. பேர்ணில புரோகர் எண்டு ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடம், அதின்ர உடற்பயிற்சி மண்டபத்தில பீ-ஃபிளாற் எண்ட ஆக்கள் கச்சேரி வைக்கினம். மாலியில இருந்து ஆராவது வருவினம், லிஸ்பனில இருந்து ஆராவது வருவினம், பேர் வாசிக்கவே நாக்குச் சுளுக்கும். நான் பேர் பாத்துப் போறதை விட்டிட்டன். எட்டரை எண்டால் எட்டரைக்குத் தொடங்கும். பொன்னாடை இல்லை.

சில இடங்களில டிக்கெட்டே கிடையாது, கொலெக்டேதான். முடிஞ்சு வெளிய வரேக்க வாசலில ஒரு தொப்பியோ கூடையோ இருக்கும், விரும்பினதைப் போடலாம். கேக்கச் சுகமா இருக்கு, ஆனால் அந்தரம் பிடிச்ச வேலை! பத்துப் போட்டால் குறைவோ, இருவது போட்டால் கூடவோ, முன்னால போறவ என்ன போட்டவ... சுவிஸ் ஆக்கள் நோட்டை நாலா மடிச்சுப் போடுவினம், ஒருத்தருக்கும் தெரியாது. நானும் மடிக்கப் பழகிட்டன்.

சூரிச்சில ஒரு இடம் சொல்லவேணும். ஹார்ட்புறூக்கே பக்கத்தில எக்சில் எண்டு ஒரு கிளப். அங்க நிக் பெர்ச் எண்ட பியானோக்காரர் தன்ர ரோனின் எண்ட குழுவோட பல வருசமாத் திங்கட்கிழமையளில வாசிக்கிறார். திங்கட்கிழமை! ஆர் திங்கட்கிழமை கச்சேரிக்குப் போவினம்? ஆனால் சனம் வருது. பாட்டுகளுக்குப் பேர் கூட இல்லை. எல்லாம் "மோடுல்", பக்கத்தில ஒரு இலக்கம். உலகம் முழுக்கக் கொண்டாடுற ஈ.சி.எம் நிறுவனம் 2006ல அவையின்ர "ஸ்டோவா"வை வெளியிட்டது, அதுக்குப் பிறகும் கன இசைத்தட்டு வந்திட்டுது. உலகம் சுத்திப்போட்டு வந்து திரும்பவும் திங்கட்கிழமை அதே சின்ன இடத்தில நிக்கிறாங்கள்.

நான் போன முதல் இரவு வழமை போலத் தொடையில தாளம் போடத் தொடங்கினன். ட்ரம்ஸ் நாலில போகுது, சரி. பியானோ அஞ்சில போகுது போல கிடக்கு. பேஸ் இன்னொரு கணக்கு. நான் கண்டசாப்பு போட்டுப் பாத்தன், மிஸ்ரசாப்பு போட்டுப் பாத்தன், எங்கயோ ஒரு இடத்தில எல்லாரும் வந்து ஒண்டாச் சமத்தில விழுந்தாங்கள், என்ர கை மட்டும் தனிய அந்தரத்தில. அடுத்த தரம் வேற உத்தி: பியானோவை விட்டிட்டு ட்ரம்சை மட்டும் பிடிச்சன். கொஞ்ச நேரம் நல்லாப் போச்சுது. திடீரெண்டு பெர்ச் ஒரு குரல் விட்டார். "ஹா!" எண்ட மாதிரி. உடன முழுக் குழுவும் வேற வடிவத்துக்கு மாறிட்டுது. அதுதான் அவையின்ர சமிக்ஞையாம். தனி ஆவர்த்தனத்தில மிருதங்கக்காரர் கஞ்சிராக்காரரைப் பாத்துக் கண்ணைக் காட்டுறதை இவை வாயால செய்யினம். பக்கத்தில இருந்த தாடிக்காரர் என்ர கையைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு, "எண்ணாதேங்கோ" எண்டார். எண்ணாமல் இருக்கேலுமோ? எங்கட ஆக்களுக்குச் சோறு ஊட்டேக்கயே எண்ணித்தான் ஊட்டினவை.

இந்த இடத்தில மகள் தலையிடுவா. "அம்மா, நீங்கள் உந்தக் கிழட்டுப் பாட்டுகளையே கேக்கிறீங்கள்" எண்டு. எனக்குப் பிரியா ராகுவைக் காட்டினது அவதான். சென்காலனில பிறந்த எங்கட பிள்ளை. பாட்டை முழுநேரமா எடுக்க முந்தி சுவிஸ் விமானக் கொம்பனியில விமானத்துக்கு உதிரிப்பாகம் வாங்குற வேலை செய்தவ. தமையன், ஜப்னா கோல்ட் எண்ட பேரில, இசை அமைக்கிறார். "குட் லவ் 2.0" எண்ட பாட்டு 2020ல வந்து, ஃபீஃபா 21 எண்ட விளையாட்டுக்குள்ளயும் ஏறினது. பேந்து தொகுப்புகள்: 2021ல "டாம்ஷீஸ்டமில்", 2023ல "சந்தோசம்". முதல் கேக்கேக்க இது ஆர்-அண்ட்-பீ தானே, இதில என்ன புதினம் எண்டு இருந்தன். பேந்து ஒரு பாட்டுக்குள்ள தாளக்கட்டு வந்து விழுந்திது பாருங்கோ, அது எங்கட கோயில் வீதியில கேட்ட கட்டு. நான் சமையலறையில அகப்பையோட நிண்டனான். அகப்பை நிண்டிட்டுது. "கமலி" எண்ட பாட்டு மாமல்லபுரத்தில ஸ்கேட்போர்ட் ஓடுற சின்னப் பிள்ளையைப் பற்றினது. சென்காலனில வளர்ந்த பிள்ளை மாமல்லபுரத்துப் பிள்ளைக்குப் பாடுறா. "சந்தோசம்" முழுக்க எனக்குப் பிடிச்சதெண்டு சொல்லமாட்டன், சில பாட்டில மினுக்கு வேலை கூடிப்போச்சு. ஆனால் வீட்டில அப்பா தமையனோட சேர்ந்து தமிழ்ப் பாட்டுப் பாடி வளர்ந்த பிள்ளை எண்டு அறிஞ்சாப் பிறகு எனக்கு எல்லாம் விளங்கிச்சுது. வரவேற்பறையும் ஒரு சின்ன அறைதானே!

மகளுக்குப் பதிலடியா நான் காட்டினது சக்தி எண்ட குழுவின்ர பதிவு. 1976, மொந்த்ரே ஜாஸ் விழா. குளோட் நொப்ஸ் எண்டவரும் நண்பர்களும் 1967ல தொடங்கின விழா. அதில ஜோன் மெக்லாஃப்லின் கித்தாரோட சம்மணம் போட்டு இருக்கிறார். பக்கத்தில சாகிர் உசேன், விக்கு விநாயக்ராம், வயலினில எல். சங்கர். அந்தச் சங்கர் ஆர் தெரியுமோ? யாழ்ப்பாணத்தில வளர்ந்தவர்! அப்பா வி. லட்சுமிநாராயணா அங்க இசை படிப்பிச்சவர். அண்ணன் எல். சுப்பிரமணியம். 1958 கலவரத்தோட குடும்பம் மதராசுக்குப் போட்டுது. நாங்கள் எல்லாரும் அகதியா இந்த நாட்டுக்கு வந்து இறங்க எத்தினையோ வருசத்துக்கு முன்னம், ஒரு கலவரத்துக்குத் தப்பிப்போன ஒரு பெடியன் லெமான் ஏரிக்கரையில வந்திருந்து வயலின் வாசிச்சிருக்கிறான். இதை மகளுக்குச் சொல்லேக்க எனக்குக் குரல் கொஞ்சம் ஏறிப்போச்சு. "ஓகே அம்மா" எண்டா. ஆனால் முழுக்கப் பாத்தவ. கைபேசியைத் தொடேல்ல. (அந்த விழாவின்ர ஒலி, ஒளிப்பதிவுத் தொகுப்பை 2013ல யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில சேர்த்திருக்கு.)

இப்ப உண்மையான கதைக்கு வாறன்.

ஆகஸ்ட் 1, தேசிய நாள். ஊர்ச்சபை போட்ட வாங்கு, சொசேஜ், உருளைக்கிழங்குச் சாலட். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனன். மூண்டு பேர் அல்ப்ஹோர்ன் ஊத வந்தவை. நிலத்தில முட்டுற மூண்டரை மீற்றர் மரக் குழல். அம்மா சின்னனில வீணை பழகினவ, காது கத்தி. கொஞ்சம் கேட்டுப்போட்டு என்ர காதுக்குள்ள சொல்லுறா:

"மத்திமம் ஏறிப்போச்சு, பிள்ளை."

"சும்மா இருங்கோ அம்மா, அவையள் ஊர் ஆக்கள், விடுங்கோ."

"இல்லைப் பிள்ளை, மூண்டு பேருக்கும் ஒரே அளவா ஏறிக் கிடக்கு. பிழை எண்டால் மூண்டும் மூண்டு விதமாயெல்லே இருக்கும்."

அட! அதுக்குப் பிறகு தேடிப் பாத்தால், அம்மா பிடிச்சது சரி. அந்தக் குழலில துளையும் இல்லை, பொத்தானும் இல்லை. வெறும் காத்துத் தூண். உதட்டை இறுக்கி இறுக்கி இயற்கையான மேற்சுரங்களை மட்டும் எழுப்பலாம். அதில 11ஆவது மேற்சுரம் சுத்த மத்திமத்திலயும் நிக்காது, பிரதி மத்திமத்திலயும் நிக்காது, இரண்டுக்கும் நடுவில போய்க் குந்தியிருக்கும். இஞ்சத்தை ஆக்கள் அதுக்கு "அல்ப்ஹோர்ன் ஃபா" எண்டு பேரே வைச்சிருக்கினம். யோடல் பாடுற சில பள்ளத்தாக்குகளில தொண்டையாலயும் அதே சுரத்தைத்தான் பிடிக்கினம். பிறாம்ஸ் 1868 செப்ரெம்பரில இந்த நாட்டில ஒரு அல்ப்ஹோர்ன் மெட்டைக் கேட்டு, அதை எழுதி கிளாரா ஷூமானுக்கு அனுப்பினவர். பேந்து அதையே தன்ர முதலாம் சிம்பொனியின்ர கடைசிப் பகுதியில வைச்சார்.

அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்தினன். அவவுக்கு ஒரே புழுகம். "மேளகர்த்தா வகுத்த வேங்கடமகி 36 மேளத்தைச் சுத்த மத்திமப் பக்கம், 36ஐப் பிரதி மத்திமப் பக்கம் எண்டு வெட்டிப்போட்டார். நடு வரம்பில நிண்டு ஊதுறவனை அவர் காணேல்ல" எண்டா. அண்டையில இருந்து அம்மாதான் என்னைக் கச்சேரிக்கு இழுக்கிறா. நான் இழுக்கிறதில்லை.

யோடல் எண்டதும் எங்கட ஆக்களுக்குச் சந்திரபாபுதான் ஞாபகம் வருவார். தமிழ்ப் படத்தில தொண்டையை உடைச்சு உடைச்சுப் பாடினவர், அவரும் கொழும்பில படிச்சு வளர்ந்தவர்தான். நானும் யோடல் எண்டால் அந்தப் பகிடிப் பாட்டு எண்டுதான் நினைச்சிருந்தன். அப்பென்செல் பக்கத்து "சொய்யெர்லி" வேற சாமான். சொல்லே இல்லை. வெறும் ஆலாபனை. ஒருத்தர் தொடங்குவார், இன்னொருத்தர் ஏறுவார், மற்றவை எல்லாம் கீழ ஒரே சுரத்தைப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம். மெதுவா, துக்க வீடு மாதிரி. ஆனால் புது வருசத்துக்கும் அதைத்தான் பாடுவினம்.

அதைக் கேக்கவெண்டு ஊர்னேஷ் போனம். அங்க பழைய யூலியன் நாட்காட்டிப்படி சனவரி 13ல வருசத்தின்ர கடைசி நாளை இன்னொருக்கால் கொண்டாடுவினம். சனவரி 13! எங்களுக்கு விடிஞ்சால் பொங்கல். அம்மா பொங்கல் பானையைக் கழுவிக் கவிட்டு வைச்சிட்டுத்தான் வெளிக்கிட்டவ. கொசாவில மாறி அப்பென்செல் ரெயினில ஏறி, விடியிற நேரத்தில போய் இறங்கினால் பனி முழங்கால் மட்டும். கொஞ்ச நேரத்தில தூரத்தில மணிச்சத்தம். முகமூடி போட்டு, தலையில பெரிய சோடனையை வைச்சு, உடம்பில மணி கட்டின ஆக்கள் வரிசையா வருகினம். சிலவை அழகா உடுத்திருப்பினம், சிலவை வைக்கோலும் இலைகுழையும் சுத்தி அசிங்கமா. வீட்டு வாசலில வட்டமா நிண்டு மணியைக் குலுக்கிப்போட்டு, சட்டெண்டு நிப்பாட்டி, சொய்யெர்லி. முகமூடிக்குள்ளால வாற குரல். வீட்டுக்காரர் சுடவைச்ச வைன் கொண்டு வந்து குடுக்கினம், முகமூடியைக் கழட்டேலாது எண்டதால குழல் வைச்சு உறிஞ்சினம்.

அம்மா கேட்டா: "மேடை எங்க?" மேடை இல்லை அம்மா. மைக் இல்லை. டிக்கெட் இல்லை. வீடு வீடாப் போய்ப் பாடுறதுதான். "மார்கழியில எங்கட ஊரிலயும் விடியப்புறம் பாடிக்கொண்டு வருவினம்" எண்டா. பேந்து கனநேரம் ஒண்டும் கதைக்கேல்ல, குளிரோ என்னவோ.

அந்த ஊர்னேஷில அல்டர் எண்டு ஒரு குடும்பம், 1884ல இருந்து தலைமுறை தலைமுறையாத் தந்தி இசை வாசிக்கினம். இரண்டு வயலின், செலோ, பேஸ், ஹாக்பிரெட். ஹாக்பிரெட் எண்டது சந்தூரின்ர சொந்தக்காரி, நூறுக்கு மேல கம்பி, சின்னத் தடியால அடிக்கிறது. இணுவில், அளவெட்டிப் பக்கம் தவிலும் நாதஸ்வரமும் எப்பிடிக் குடும்பச் சொத்தோ, அப்பிடி. கொன்டனில ரோட்ஹூஸ் எண்டு ஒரு வீட்டையே இந்த இசைக்கான காப்பகமாக்கி வைச்சிருக்கினம். லுசேர்ன் இசைக் கல்லூரியில யோடலைப் பட்டமாப் படிக்கலாம். பெடியளை அலுமாரிக்கு மேல ஏத்தேல்ல அவை!

இனிக் கடைசிப் பைத்தியம்.

அப்பென்செல் பக்கத்தில ஒரு சின்னக் கச்சேரியில, ஒரு மனிசன் பெரிய மண் கிண்ணம் ஒண்டைக் கையில ஏந்தி, அதுக்குள்ள அஞ்சு பிராங் குத்தியை விட்டுச் சுத்தினார். குத்தி விளிம்பில நிண்டுகொண்டு உருண்டு உருண்டு... ம்ம்ம்ம் எண்டு ஒரு நாதம். பக்கத்தில இன்னும் இரண்டு பேர், வேற அளவுக் கிண்ணங்களோட. மூண்டு சுரம். அதுக்கு மேல சொய்யெர்லி. நானும் அம்மாவும் ஒரே நேரத்தில திரும்பிப் பாத்தம். சுருதிப் பெட்டி!

வீட்டை வந்து செய்து பாக்காமல் இருக்கேலுமோ? முதல் எவர்சில்வர் கிண்ணம். பல் கூசிச்சுது. மகள் கதவை அடிச்சுச் சாத்தினா. அடுத்தது தமிழ்க் கடையில மீன்குழம்புக்கெண்டு வாங்கின மண்சட்டி. உள்பக்கம் சொரசொரப்பு, குத்தி தடக்கித் தடக்கி விழுந்திது. பேந்து புரொக்கியில, அதுதான் பழஞ்சாமான் கடையில, பளபளப்புப் பூசின மண் கிண்ணம் ஒண்டு எடுத்தன். முதல் சுத்தில குத்தி பறந்து சோபாவுக்குக் கீழ. வேகமாச் சுத்தினதுதான் பிழையாம். மணிக்கட்டை மெல்ல, வட்டமா, ஆட்டுக்கல் ஆட்டுற மாதிரி, ஆனால் அதிலும் சோம்பலா. அப்பதான் குத்தி நிமிர்ந்து நிண்டு ஓடும். ஒருக்கால் பிடிச்சிட்டால் பேந்து விட மனம் வராது. பத்து மணிக்கு மேல செய்யக்கூடாது, கீழ்வீட்டு அம்மா மாடிப்படியில ஒரு துண்டு ஒட்டியிருந்தவ (நல்ல மரியாதையான துண்டு, கடைசியில "அன்புடன்" எண்டு போட்டிருந்தது).

அம்மா அந்த நாதத்துக்கு மேல மோகனம் இழுத்துப் பாத்தா. நடு மத்திமமும் இல்லை, ஒரு மத்திமமும் இல்லை, சண்டையில்லாத ராகமாத் தெரிஞ்செடுத்திருக்கிறா. நல்லாத்தான் இருந்தது. ஆனால் ஒரு முறைப்பாடு: கிண்ணம் அஞ்சரைக் கட்டையில நிக்குதாம், அவவின்ர தொண்டைக்கு இப்ப நாலு கட்டைதான் சரியாம். சுருதியை இறக்கவேணும் எண்டால் கிண்ணம் பெரிசாகவேணும். ஆகவே நான் இப்ப சனிக்கிழமையளில புரொக்கி புரொக்கியாக் குத்தியைப் பொக்கற்றில வைச்சுக்கொண்டு ஏறி இறங்கிறன். கடைக்காரர் ஒரு மாதிரிப் பாக்கினம். பேர்ண் பக்கத்தில ஆராவது அகலமான, உள்பக்கம் வழுவழுப்பான பழைய பால்கிண்ணம் கண்டால் சொல்லுங்கோ. பதினைஞ்சு பிராங்குக்கு மேல எண்டால் வேண்டாம்.